சிவப்பு விளக்கு அப்பாவின் நெஞ்சுக்குள் போகுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 68 வயது. லாரி ஓட்டியவர், சிகரெட்டை விட்டு ஆறு வருடம் ஆகிறது. இனிப்புநீருக்கும் ரத்தக்கொதிப்புக்கும் அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை எடுக்கிறார். நான்கு வாரத்துக்கு முன்பு இன்ஃப்ளூயன்சா ஏ, நெஞ்சில் கொஞ்சம் நிமோனியா என்று நான்கு நாள் வார்டில் இருந்தார். காய்ச்சல் போய்விட்டது, இருமல் போகவில்லை. எங்கள் ஃப்ளாட் மூன்றாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கெட்டுக் கிடக்கும் நாள்தான் அதிகம். வார்டிலிருந்து வந்த புதிதில் மெதுவாக ஏறிவிட்டார். இந்த ஒரு வாரமாக நின்று நின்றுதான் ஏறுகிறார். அத்தை சொல்லி ஒரு வெல்னஸ் சென்டருக்குப் போனோம். நெஞ்சிலும் முதுகிலும் சிவப்பு விளக்கு வைத்தால் நுரையீரல் அழற்சி வடிந்துவிடும், கோவிட் நோயாளிகளையே காப்பாற்றிய சிகிச்சை, நோபல் பரிசு வாங்கியது, பக்கவிளைவே இல்லை என்றார்கள். பத்துத் தடவைக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்). வீட்டுக்கே வாங்கினால் 3,200. முன்பணம் 200 கட்டிவிட்டேன். மீதியை என் இபிஎஃப் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அண்ணன் எல்லாம் ஏமாற்று வேலை என்கிறான். அப்பாவோ ‘போய்ப் பார்க்கலாமே’ என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

இபிஎஃப் கணக்கைத் தொடாதீர்கள். விளக்கைப் பற்றி நிதானமாகப் பேசலாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. வார்டிலிருந்து வந்த புதிதில் மாடி ஏறியவர் இப்போது நின்று நின்று ஏறுகிறார் என்கிறீர்கள். ஃப்ளூ வந்தவர்களுக்கு இருமல் ஆறு வாரம், சில சமயம் எட்டு வாரம்கூட இழுக்கும். அதைக் கண்டு நான் பதற மாட்டேன். ஆனால் மூச்சு நாளுக்கு நாள் தேற வேண்டும். தேறிக்கொண்டு வந்தவர் பின்னால் போகிறார் என்றால் காரணம் பார்க்க வேண்டும். இதைப் படித்த மறுநாளே அவரைக் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுக்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பேச்சு குழறினாலோ விடியும் வரை காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

என்ன பார்க்கச் சொல்வது என்று கேட்பீர்கள். முதலில் இசிஜி. நுரையீரல் கோளாறுக்கு இதயத்தைப் பார்ப்பானேன் என்று தோன்றும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாள்களைவிட ஆறு மடங்கு கூடியிருந்தது. இனிப்புநீர் உள்ளவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வந்து போய்விடும். வெறும் களைப்பாக, மூச்சு வாங்குவதாக மட்டும் தெரியும். உங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடக்கூடிய ஒரு பரிசோதனையை விட்டுவிட்டு 1,800 வெள்ளி விளக்கின் கீழ் படுக்கவைப்பது சரியில்லை.

அடுத்தது நெஞ்சு எக்ஸ்ரே. ஃப்ளூ அடங்கியபின் பாக்டீரியா நிமோனியா தனியாக வந்து உட்காருவது உண்டு. நெடுநாள் சிகரெட் பிடித்தவர் என்பதால் நுரையீரலில் வேறு ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். சளிப் பரிசோதனையும் கேளுங்கள். நம் நாட்டில் காசநோய் இன்னும் இருக்கிறது. இனிப்புநீர்க்காரர்களுக்கு அது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிப்பது இங்கே வழக்கமான நடைமுறைதான், டிபி என்ற பேச்சைக் கேட்டு அப்பா முகம் சுளித்தால் அதைச் சொல்லிச் சமாதானப்படுத்துங்கள். அப்புறம் அவருடைய மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தக்கொதிப்புக்குப் பெரிண்டோபிரில் கொடுத்திருந்தால், அதுவே சிலருக்கு மாதக் கணக்கில் வறட்டு இருமலைக் கொடுக்கும். மாத்திரையை மாற்றினால் போதும், சில வாரத்தில் நின்றுவிடும். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, இப்போது விளக்குக்கு வருவோம்.

அண்ணன் சொல்வது பாதி சரி. சென்டரில் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் மறுப்பது கடினமாக இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன்.

நோபல் பரிசு உண்மை. 1903இல் டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் வாங்கினார், ஒளியால் நோயைக் குணப்படுத்தியதற்காகத்தான். ஆனால் அவர் குணப்படுத்தியது தோலில், பெரும்பாலும் முகத்தில் வரும் காசநோயை. பயன்படுத்தியதும் சிவப்பு ஒளி இல்லை. கார்பன் ஆர்க் விளக்கிலிருந்து வரும் நீல, ஊதாப் பக்கத்துக் கதிர்கள். புண் கண்ணெதிரே தோலில் இருந்தது, ஒளியும் அங்கேயே விழுந்தது.

இன்று மருத்துவமனைகளில் நாங்கள் தினமும் பயன்படுத்தும் ஒளி சிகிச்சையும் அப்படித்தான். நம் குடும்பங்களில் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழ் படுக்கவைத்ததைப் பார்க்காதவர் குறைவு. அந்த ஒளி தோலிலும் தோலடி ரத்தத்திலும் இருக்கும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை மாற்றி உடல் வெளியேற்றும்படி செய்கிறது. வேலை நடக்கும் இடம் தோலும் தோலடியும்தான். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, கீமோ எடுப்பவர்களுக்கு வாய் முழுக்கப் புண் வராமல் தடுக்கச் சிவப்பு ஒளி கொடுப்பது இருக்கிறது. சர்வதேச வழிகாட்டு நெறிகளே பரிந்துரைக்கின்றன. அங்கேயும் வாயைத் திறந்தால் புண் தெரிகிறது, ஒளியை நேரே காட்டிவிடலாம்.

உங்களிடம் விற்கப் பார்த்ததற்கு ஃபோட்டோபயோமாடுலேஷன் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், சிவப்பு ஒளியையும் அதற்கடுத்த கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் சூடு தெரியாத அளவில் உடம்பில் பாய்ச்சுவதுதான். 1967இல் ஹங்கேரியின் எந்த்ரே மெஸ்டர் மயிரை மழித்த எலிகளின் மேல் ரூபி லேசரைக் காட்டியபோது, ஒளி பட்ட இடத்தில் மயிர் வேகமாக முளைத்தது. அங்கிருந்துதான் இந்தத் துறை கிளம்பியது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி உண்டு. அது இந்த ஒளியை உறிஞ்சுகிறது, அதனால் செல்லின் சக்தி உற்பத்தி கூடுகிறது, அழற்சியைத் தூண்டும் சில பொருள்கள் குறைகின்றன என்பது இன்று அதிகம் பேசப்படும் விளக்கம். இதில் ஒரு விசித்திரமும் உண்டு: அளவு குறைந்தால் பலன் இல்லை, கூடினாலும் பலன் மறைந்துவிடும். ‘இன்னும் அரை மணி நேரம் வையுங்கள், நல்லது’ என்று அங்கே யாராவது சொன்னால், அவர்களுக்கு இந்த அடிப்படையே தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

எலியின் நுரையீரலில் செயற்கையாக அழற்சியை உண்டாக்கி, நெஞ்சின் மேல் ஒளியைக் காட்டியபோது அழற்சி குறைந்ததாகப் பல ஆய்வுகள் உண்டு. அவை பொய்யில்லை. ஆனால் எலியின் நெஞ்சுச் சுவர் சில மில்லிமீட்டர்தான். உங்கள் அப்பாவுக்குத் தோல், கொழுப்பு, தசை, விலா எலும்பு என்று பல சென்டிமீட்டர் தாண்ட வேண்டும். இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு ஃபோனின் டார்ச்சை விரல்நுனியில் வைத்துப் பாருங்கள், சிவப்பாகத் தெரியும். உள்ளங்கையில் வையுங்கள், விளிம்பில்தான் மங்கலாகத் தெரியும். தொடையில் வைத்தால் ஒன்றுமே தெரியாது. அகச்சிவப்பு அதைவிடக் கொஞ்சம் ஆழம் போகும், ஆனாலும் முதல் சில மில்லிமீட்டரிலேயே பெரும்பகுதி சிதறியும் உறிஞ்சப்பட்டும் போய்விடுகிறது. எஞ்சியது நுரையீரலைத் தொட்டாலும், காற்று நிறைந்த அந்தப் பஞ்சு ஒளியை இன்னும் சிதறடிக்கும்.

நம் தோல் நிறத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெலனின் ஒளியை வழியிலேயே வாங்கிக்கொள்ளும், சிவப்பை அதிகமாக, அகச்சிவப்பைக் குறைவாக. இதில் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. கோவிட் காலத்தில் வாங்கி அலமாரியில் போட்டிருப்பீர்களே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அதுவும் இதே ஒளியில்தான் வேலை செய்கிறது: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. 2020இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், கருவியில் 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவிகிதம் பேருக்கு ரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரில் அது 3.6 சதவிகிதம். ஆகவே அப்பா கறுப்பு நிறமாக இருந்தால், கருவி காட்டும் 94ஐப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஒற்றை எண்ணைவிட அது எப்படி மாறுகிறது என்பதைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை எடுங்கள். பிறகு நீங்கள் பக்கத்தில் நிற்க, வீட்டுக்குள் சமதரையில் 40 காலடி நடக்கச் சொல்லி மறுபடி எடுங்கள். மூன்று புள்ளி இறங்கினால் நேரே மருத்துவமனைதான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் இந்தச் சோதனையே வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

‘கோவிட் நோயாளிகளைக் காப்பாற்றியது’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 2020இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கோவிட் நிமோனியாவில் இருந்த 57 வயது நோயாளி ஒருவருக்கு நான்கு நாள் நெஞ்சில் லேசர் கொடுத்தார்கள், தேறிவிட்டார் என்று ஓர் அறிக்கை வந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை முடிந்து வார்டு மறுபடி நிரம்பத் தொடங்கிய காலம் அது. பாதி ராத்திரியில் அதைப் படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா’ என்று சக டாக்டர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டவன் நானேதான். கையில் ஒன்றுமில்லாத நேரத்தில் துரும்பும் கட்டையாகத் தெரியும். காலையில் ஒரு சீனியர் பதில் போட்டார்: ‘ஒளி இல்லாமலே இந்த வாரம் நம் வார்டில் எத்தனை பேர் தேறிப் போனார்கள்?’ எனக்கு மறுமொழி வரவில்லை. தேறியவர்கள்தான் அதிகம்.

பிறகு அதே குழு பத்து பேரை வைத்துச் சோதித்தது, ஐந்து பேருக்கு ஒளி, ஐந்து பேருக்கு இல்லை. ஒளி வாங்கியவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்றது. ஐந்துக்கு ஐந்து என்பது ஒரு தொடக்கம், அவ்வளவுதான். பிரேசிலில் ஐசியுவில் இருந்த 30 கோவிட் நோயாளிகளிடம் நடந்த சோதனை இன்னும் ஒழுங்கானது. ஒரு பாதிப் பேருக்குப் போலி விளக்கு வைத்தார்கள். ஐசியுவில் இருந்த நாள்கள் குறைகின்றனவா என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அழற்சியைக் காட்டும் ரத்தக் குறியீடு ஒன்று குறைந்தது, தசை கொஞ்சம் மேம்பட்டது. விற்கிறவர்கள் பின்னதை மட்டும் சொல்வார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று சொல்கிறேன். அதே 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி சோதனையில் 2,104 பேருக்கு டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு கொடுத்தார்கள், 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அழற்சியைக் குறைப்பது எல்லோருக்கும் எப்போதும் நல்லது என்று நினைக்கிறோமே, அது தவறு. வைரஸோடு உடம்பு போடும் சண்டைதான் அழற்சி. சண்டை எல்லை மீறும்போதுதான் குறுக்கே போக வேண்டும். இன்ஃப்ளூயன்சா நிமோனியாவுக்கு இதே ஸ்டீராய்டை நாங்கள் வழக்கமாகக் கொடுப்பதில்லை. கொடுத்தவர்களிடம் தீங்கு கூடியதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. உங்கள் அப்பாவுக்கு நான்கு வாரம் ஆகிவிட்டது. சண்டை முடிந்து களத்தைச் சுத்தம் செய்யும் கட்டம் இது. இப்போது மூச்சு வாங்குகிறது என்றால் அழற்சியை அணைக்க விளக்கு தேடுவதைவிட, வேறு என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அவசரம்.

‘பக்கவிளைவே இல்லை’ என்பதையும் நம்ப வேண்டாம். லேசராக இருந்தால் கண்ணில் பட்டுவிடக் கூடாது. இனிப்புநீரால் உணர்வு மங்கியவர்களுக்குச் சூடேறும் பேட் பட்டுத் தோல் வெந்தாலும் தெரியாது. டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தைச் சளிக்காகக் கொடுத்திருந்தால் தோல் ஒளியைத் தாங்காமல் போகலாம், குறிப்பாகப் புற ஊதாக் கதிர் கலந்த விளக்காக இருந்தால். எல்லாவற்றையும்விட, நெடுநாள் சிகரெட் பிடித்தவரின் நெஞ்சில், உள்ளே புற்று இல்லை என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல், செல்லைத் தூண்டும் ஒளியைப் பாய்ச்ச நான் சம்மதிக்க மாட்டேன். மூக்குக்குள் நீல விளக்கு, புற ஊதா விளக்கு என்று எதையாவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் ஒளி மேசைக்கும் காற்றுக்கும் ஆனது, மனிதத் தோலுக்கும் கண்ணுக்கும் இல்லை.

பதிவு பெற்ற கருவி என்று சொல்லியிருப்பார்கள். 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டப்படி மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவு வேண்டும் என்பது சரி. ஆனால் எதற்கென்று பதிவானது என்று கேளுங்கள். தசைவலிக்கு, மூட்டுவலிக்கு என்று பதிவானதை நிமோனியாவுக்கு விற்கிறார்களா? பிசியோதெரபி அறையில் முட்டிவலிக்கு லேசர் வைப்பதை நானே பார்த்திருக்கிறேன், அதில் எனக்குச் சண்டை இல்லை. முட்டி தோலுக்கு அடியிலேயே இருக்கிறது.

அப்பா ‘போய்ப் பார்க்கலாமே’ என்றாரே, அதை நான் இரண்டு முறை படித்தேன். நான்கு வாரமாக மூன்றாம் மாடியில் அடைந்து கிடக்கிறார், ஆயுள் முழுக்க லாரியில் ஊர் சுற்றிய மனிதர். அங்கே ஒருவர் 40 நிமிடம் அவரைப் படுக்கவைத்து, தொட்டு, விசாரித்து அனுப்புகிறார். கிளினிக்கில் எங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரிது. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். விளக்கைவிட வெளியே போவதுதான் அவருக்கு வேண்டியிருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. இசிஜியும் எக்ஸ்ரேயும் சரி என்று வந்தபின், காலை வெயில் உறைக்கும் முன் கீழே இறக்கி, சமதரையில் பத்து நிமிடம் நடக்கவையுங்கள். சில நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மாடி ஏற ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவைத்தால் ஏறுவதற்கான பயமும் குறையும். புகைமூட்டம் வந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் உள்ளேயே இருக்கட்டும். நுரையீரல் மறுவாழ்வு பயிற்சிக்குப் பிசியோதெரபிக்கு எழுதித் தரும்படி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் பல சமயம் விட்டுப்போகும். ஃப்ளூ தடுப்பூசி வருடம் ஒருமுறை போட வேண்டியது, நன்றாகத் தேறியதும் அதையும் கேளுங்கள்.

கடைசியாக அந்த 200 வெள்ளி. ரசீதை வைத்துக்கொண்டு, ‘டாக்டர் வேண்டாம் என்றார், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். என் பேரில் பழியைப் போடலாம். நுரையீரல் அழற்சி, கோவிட் என்று எழுதியிருந்த அவர்களின் விளம்பரத்தையும் படம் பிடித்து வையுங்கள். மருத்துவ விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1956ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அந்தப் படத்தைப் பார்த்தாலே பல இடங்களில் குரல் இறங்கிவிடும். கொடுக்காவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டணத்தில் வழக்குப் போடலாம். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அதெல்லாம் அடுத்த வாரம். நாளைக்குக் கிளினிக்.